யார் கட்டிய வீடு? – மான்டிசெல்லோ நினைவில்லத்தை முன்வைத்து

ஒரு தலைவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கி மக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இன்று உலகெங்கும் உண்டு. பிறந்த நாள் மாலை, பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா, வழிகாட்டியின் உரை, கயிறு கட்டித் தடுத்த அறைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் என்று அதற்கு ஒரு நிலையான வடிவமும் அமைந்துவிட்டது. பழகிப்போனதாலேயே இந்த வழக்கத்தை நாம் ஆராய்வதில்லை. இப்படி ஒரு வீட்டைச் சுற்றிப் பார்ப்பதால் வரலாறு கூடுதலாக விளங்குகிறதா, அல்லது தலைவர் மீதான பற்று மட்டும் வளர்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேட மான்டிசெல்லோவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரை ஒட்டிய குன்றின் உச்சியில் நிற்கும் தாமஸ் ஜெஃபர்சனின் வீடு அது. தலைவர் இல்லங்களின் பலமும் குறையும் அங்கே ஒருசேரத் தெரிகின்றன. தன் குறையைத் தானே திருத்த முயன்ற வரலாறும் அந்த இல்லத்துக்கு உண்டு. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தலைவரின் வீடு வரலாற்றுக்கு மிக நல்ல சான்று. ஆனால் உரிமையாளர் பக்கம் சாய்ந்து பேசும் சான்று. அந்த வீட்டைத் தங்கள் உழைப்பால் நடத்தியவர்களை அதே அறைகளுக்குள் நிறுத்திக் காட்டினால்தான் அந்தச் சாய்வு நேராகும்.

குன்றும் அதன் உரிமையாளரும்

ஜெஃபர்சன் 1743இல் பிறந்தார். 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதினார். 1801 முதல் 1809 வரை நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராக இருந்தார். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கொள்கையை ஓர் அரசின் அடித்தளமாக எழுதிவைத்தவர் என்பதே உலகம் அவரை நினைக்கும் காரணம்.

1768இல் குன்றின் உச்சியைச் சமப்படுத்தும் வேலை தொடங்கியது. முதலில் கட்டிய வீட்டை, பிரான்ஸில் தூதராக இருந்து திரும்பிய பிறகு பெருமளவு இடித்து, 1796 முதல் விரிவாக்கினார். 1809 வரை அந்த வேலை நீண்டது. கூரையின் மேல் குவிமாடம், உள்ளே எண்கோண வடிவ அறைகள் என வரைபடம் முழுவதும் அவருடையது. 1938 முதல், இடையில் சிறிது காலம் தவிர, அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கத்தில் இந்த வீடு பொறிக்கப்பட்டுவருகிறது. 1987இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நாணயத்தில் தெரிவது வீடு மட்டும். குன்றையும் சுற்றுப்புறப் பண்ணைகளையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 5,000 ஏக்கர் பெருந்தோட்டம். தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை ஜெஃபர்சன் அடிமைகளாக உடைமையில் வைத்திருந்தார். செங்கல் அறுத்தது, மரம் இழைத்தது, சமைத்தது, துணி நெய்தது, நிலத்தை உழுதது எல்லாம் பெரும்பாலும் அவர்களே. வீட்டுக்கு மிக அருகில், முசுக்கொட்டை மரங்கள் நட்ட ஒரு பாதையின் ஓரமாக இருபதுக்கும் மேற்பட்ட பட்டறைகளும் குடிசைகளும் இருந்தன. மல்பெரி ரோ என்று அதற்குப் பெயர். 1794இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் பத்து முதல் பதினாறு வயதுச் சிறுவர்கள் நாளெல்லாம் ஆணி அடித்தார்கள். யார் எத்தனை ஆணி அடித்தார், எவ்வளவு இரும்பு வீணானது என்று ஜெஃபர்சன் கணக்கு எழுதிவைத்தார்.

வீடு கற்றுத்தருவது

நினைவில்லங்களைக் குறை சொல்வோர் அவற்றின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மான்டிசெல்லோவின் நுழைவுக்கூடத்தில் நிற்பவருக்கு ஜெஃபர்சனின் மனம் பொருள்களாகவே விரிகிறது. நிலப்படங்கள், மாஸ்டடான் என்னும் அழிந்துபோன பெருவிலங்கின் எலும்புகள், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய ஜெஃபர்சன் அனுப்பிய லூயிஸ்–கிளார்க் குழுவின் பயணத்தோடு தொடர்புடைய பூர்வகுடிப் பொருள்கள், மேலே எடைக்குண்டுகளால் ஓடும் பெரிய கடிகாரம். எடை இறங்க இறங்கச் சுவரில் எழுதிய கிழமைகள் கடந்துபோகின்றன. வாரம் முழுவதையும் சுவர் தாங்காததால் தரையில் துளை போட்டு, சனிக்கிழமையை நிலவறையில் வைத்தார். விருந்தினரைக் காக்கவைக்கும் கூடத்தையே ஒரு பாடசாலையாக ஆக்கிய மனிதர் அவர்.

படுக்கையறைக்கும் எழுத்தறைக்கும் நடுவே ஒரு மாடத்தில் அவருடைய கட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் இறங்கினால் உடை மாற்றலாம். மறுபக்கம் இறங்கினால் மேசை. அந்த மேசையில் இரட்டைப் பேனாக் கருவி. ஒரு பேனாவால் எழுதும்போதே இணைத்த மறுபேனா இன்னொரு தாளில் படி எடுத்துவிடும். ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதியவர் என்று நூலில் படித்தால் அது வெறும் எண். எழுந்தவுடன் எழுத உட்காரும்படி தன் வீட்டையே வடிவமைத்துக்கொண்டார் என்பதை அந்தக் கட்டிலின் அருகே நிற்கும்போதுதான் உணர்கிறோம்.

வீட்டுக்கு மட்டுமே உரிய இன்னொரு பாடம் மாடிப்படியில் இருக்கிறது. பெரிய படிக்கட்டு இடத்தை வீணாக்கும் என்று ஜெஃபர்சன் கருதினார். அதனால் மாடிக்குப் போக இருப்பவை ஆள் ஒடுங்கிப் போகும் குறுகலான, செங்குத்தான படிகள். வெளிச்சமும் புத்தகங்களும் தனிமையும் நிறைந்த தரைத்தள அறைகள் அவருக்கு; மகள் மார்த்தாவும் பேரப்பிள்ளைகளும் மேல்தளங்களில். குடும்பத்துக்குள் யார் வசதிக்காக யார் ஒதுங்கினார்கள் என்பதை அந்தப் படிகளில் ஏறும் கால்கள் சொல்லிவிடுகின்றன. எந்த வாழ்க்கை வரலாற்று நூலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லிவிடாது.

நினைவில்லத்துக்கு இன்னொரு பலமும் உண்டு: அது திருத்தத்துக்கு இடம்கொடுக்கும். நெடுங்காலம் நீல வண்ணத்தில் இருந்த சாப்பாட்டறையின் சுவர்கள், பழைய பூச்சுகளை ஆராய்ந்த பிறகு 2010இல் பளிச்சென்ற மஞ்சளுக்கு மாறின. மண்ணில் கிடைக்கும் ஒரு பாத்திர ஓட்டால் குடிசை இருந்த இடம் தெரியவருகிறது. அடுத்து வரும் பார்வையாளருக்கு வழிகாட்டி அதைச் சொல்லிவிட முடிகிறது. ஆய்வுநூல் சில ஆயிரம் பேரைச் சென்றடையும். வாஷிங்டனிலிருந்து காரில் சில மணி நேரத்தில் அடையக்கூடிய இந்த வீட்டுக்கோ ஆய்வுநூலைத் தொடாதவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், அமெரிக்காவில் பிள்ளைகளோடு தங்கிவிட்டுப் போக வரும் நம்மூர்ப் பெற்றோரும்கூட வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே சொல்லப்படுவதே வரலாறு. ஆகவே எதைச் சொல்கிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

வீடு மறைப்பது

இனி குறைகள். முதல் குறை, எந்தப் பொருள் எஞ்சி நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஜான் ஹெமிங்ஸ் மான்டிசெல்லோவில் அடிமையாகப் பிறந்த தச்சர். வீட்டின் நுட்பமான மரவேலைகளில் அவருடைய கைவேலை இருக்கிறது. ஜெஃபர்சனின் பேத்தி எலெனுக்குத் திருமணமானபோது ஓர் எழுதுமேசையைச் செய்து கொடுத்தார். 1825இல் பாஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பியபோது அது கடலில் தொலைந்துபோனது. அதற்கு ஈடாக ஜெஃபர்சன், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தம் சிறு எழுதுபெட்டியைப் பேத்தியின் கணவருக்கு அனுப்பினார். அந்தப் பெட்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பெருமை. ஜான் செய்ததோ காணாமல் போனது. தலைவர் தொட்ட பொருள் அவர் தொட்டதாலேயே காக்கப்படுகிறது. மற்றவர்கள் செய்தது, உடுத்தியது, சமைத்தது பெரும்பாலும் அழிந்துபோகிறது. எஞ்சிய பொருள்களை மட்டும் வைத்து ஓர் அறையை நிரப்பினால், அங்கே வாழ்ந்தவர் ஒருவர் மட்டுமே என்ற எண்ணம் தானாகவே உண்டாகிறது. யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் உருவாகும் விதம் இது.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. மான்டிசெல்லோவுக்கு வருவோர் மிகவும் வியப்பது ஜெஃபர்சனின் கருவிகளை. சாப்பாட்டறைக் கணப்பின் இருபுறமும் சிறு கதவுகள். அவற்றின் உள்ளே நிலவறையிலிருந்து மதுப்புட்டிகளை மேலே ஏற்றும் சிறு தூக்கிகள். சுவரில் ஒரு சுழல்கதவு. அதன் பின்புறத் தட்டுகளில் உணவை அடுக்கிச் சுழற்றினால் உணவு அறைக்குள் வந்துவிடும். என்ன மதிநுட்பம் என்று கூட்டம் வியக்கிறது. மதிநுட்பம் உண்மைதான். ஆனால் அந்த நுட்பத்தின் பயன் என்ன? நிலவறையில் புட்டியை ஏற்றி வைத்தவரும், கதவுக்கு அப்பால் தட்டுகளை அடுக்கியவரும் விருந்தினரின் கண்ணில் படாமல் போவதே அதன் பயன். அடிமைகளின் உழைப்பில் நடந்த விருந்தை அடிமைகள் முகம் தெரியாமல் நடத்த முடிந்தது. நுழைவுக்கூடத்துக் கடிகாரத்துக்கும் இரண்டு முகங்கள் உண்டு. உள்ளே பார்ப்பவருக்கு மணி, நிமிடம், நொடி எல்லாம் தெரியும். வெளிமுகத்தில் மணி முள் மட்டும்தான். வெளியில் வேலை செய்வோருக்கு அது போதும் என்பது கணக்கு. கருவியின் நுட்பத்தை மட்டும் விளக்கி நகரும் வழிகாட்டி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கருவி செய்த வேலையையே தாமும் செய்கிறார். உழைத்தவர் இன்னொரு முறை மறைக்கப்படுகிறார்.

மூன்றாவது குறை, காலத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. இன்று நாம் காண்பது ஜெஃபர்சன் ஓய்வுபெற்று வாழ்ந்த ஆண்டுகளின் வீடு. அவர் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளில் இறந்தார். விட்டுச்சென்ற கடன் 1,07,000 டாலருக்கும் மேல். 1827 ஜனவரியில் வீட்டுப் பொருள்களோடு 130 மனிதர்களையும் ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது. அவருடைய உயிலால் விடுதலை பெற்றவர்கள் ஐந்து பேர் மட்டுமே. அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசப் ஃபாசெட். அவர் விடுதலை பெற்றார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஏலத்துக்குப் போனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது வயது பதினொன்று. பின்னாளில் விடுதலை பெற்று, சின்சினாட்டியில் உணவு வணிகராகவும் பாப்டிஸ்ட் போதகராகவும் விளங்கிய பீட்டர், 1900இல் முதிய வயதில் மான்டிசெல்லோவுக்கு வந்து பார்த்தார். குவிமாடம் கட்டிய செலவும், பிரெஞ்சு மதுவுக்கான செலவும், ஏலத்தில் நின்ற பிள்ளைகளும் ஒரே கணக்கேட்டின் வரிகள். ஓய்வுக்கால வீட்டின் அழகில் கதையை முடித்துவிட்டால், அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார் என்பது விடுபட்டுப்போகிறது.

விடுபட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. 1834இல் இந்த வீட்டை வாங்கியவர் யூரியா லீவி என்ற யூதக் கடற்படை அதிகாரி. ஜெஃபர்சன் மத சுதந்திரத்துக்கு ஆற்றிய பணியை மதித்து, சிதைந்துகொண்டிருந்த வீட்டை அவர் காத்தார். அவருக்குப் பின் அவருடைய சகோதரரின் மகனான ஜெஃபர்சன் லீவி காத்தார். 1923இல் உருவான அறக்கட்டளை அவரிடமிருந்தே வீட்டை 5,00,000 டாலருக்கு வாங்கியது. ஜெஃபர்சன் வாழ்ந்ததைவிட நீண்ட காலம் லீவி குடும்பம் வீட்டைப் பேணியிருக்கிறது. யூரியாவின் தாய் ரேச்சலின் கல்லறையும் மல்பெரி ரோவின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பல பத்தாண்டுகள் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

திருத்தம் வந்த விதம்

மான்டிசெல்லோவைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். 1993இல், ஜெஃபர்சனின் 250ஆவது பிறந்த ஆண்டில், அடிமைகளின் வாழ்வைச் சொல்லும் தனிச் சுற்று தொடங்கியது. அதே ஆண்டில் அவர்களின் சந்ததியினரைத் தேடிச் சென்று வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்யும் ‘கெட்டிங் வேர்ட்’ திட்டமும் தொடங்கியது. பொருள்கள் எஞ்சாத இடத்தில் குடும்ப நினைவுகளைச் சான்றாகக் கொண்டது மிக நல்ல முடிவு.

கடினமான சோதனை சாலி ஹெமிங்ஸ். ஜெஃபர்சனின் மறைந்த மனைவிக்கு, ஒரே தந்தைக்குப் பிறந்த தங்கையான அடிமைப் பெண் அவர். அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனே என்று 1802இல் பத்திரிகையில் வெளிவந்தது. 1873இல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் அதைத் தம் வாயாலேயே சொல்லிப் பதிவாயிற்று. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அதைப் புறந்தள்ளினார்கள். 1997இல் வெளியான ஆனெட் கோர்டன்–ரீடின் நூல், சான்றுகளை எடைபோட்ட முறையிலேயே ஓரவஞ்சனை இருந்தது என்பதைக் காட்டியது. 1998இல் மரபணுச் சோதனை, சாலியின் இளைய மகன் எஸ்டனின் வழித்தோன்றலை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் வழியோடு இணைத்தது. அந்தச் சோதனையோடு ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்த அறக்கட்டளையின் குழு, 2000இல் பெரும்பாலும் அது உண்மையே என்று அறிவித்தது. அதை ஏற்காதவர்கள் இன்றும் சிலர் உண்டு. ஒரு தலைவரின் நினைவைப் போற்றவே உருவான அமைப்பு, அவருடைய நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் சான்றைத் தானே ஆராய்ந்து வெளியிட்டது பெரிய துணிவு.

2018இல் சாலி ஹெமிங்ஸுக்கான காட்சியறை வீட்டின் தென்புறப் பகுதியில் திறக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆகவே அறக்கட்டளை ஒரு முகத்தைக் கற்பனையாக வரைந்துவைக்கவில்லை. ஒளியும் நிழலும், மேடிசனின் சொற்களும் மட்டுமே அந்த அறையில் பேசுகின்றன. எஞ்சிய பொருள் இல்லை என்பதையே காட்சியாக்கிய இந்த முறை, முன்னே சொன்ன முதல் குறைக்கு நேரான விடை. தலைவர் இல்லங்களை நடத்தும் எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இரு தரப்பு மறுப்புகள்

இந்த மாற்றத்தை விரும்பாத பார்வையாளர்கள் இருக்கிறார்கள். “ஜெஃபர்சனைப் பார்க்க வந்தோம், அடிமை முறை பற்றியே பேசுகிறார்கள்” என்பது அவர்கள் மனக்குறை. அதில் ஒரு நியாயம் உண்டு. தாம் எழுதிய மத சுதந்திரச் சட்டமும் தாம் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகமும் ஜெஃபர்சன் பெருமைப்பட்டுத் தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னவை. அவற்றைப் பற்றி ஒன்றும் அறியாமல் ஒருவர் குன்றை விட்டு இறங்கினால் அது நினைவில்லத்தின் தோல்வியே. ஆனால் தீர்வு அடிமைகளைப் பற்றிய பேச்சைக் குறைப்பதில் இல்லை. சிந்திக்க அவருக்குக் கிடைத்த ஓய்வு எங்கிருந்து வந்தது என்பதும் அவருடைய சிந்தனையின் வரலாற்றைச் சேர்ந்ததே. ஆணிப் பட்டறைக் கணக்கும் பிரகடனமும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

மறுதரப்பு, இப்படிப்பட்டவரின் வீட்டுக்கு யாத்திரைபோல் போவதே தவறு என்கிறது. இதையும் நான் ஏற்கவில்லை. அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கும் அதுவே சான்று. ஜான் ஹெமிங்ஸின் மரவேலையை வேறெங்கே பார்ப்போம்? அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினரே கூடி வந்து தங்கள் முன்னோரைத் தேடும் இடத்தை, நாம் புறக்கணித்து மூடிவிடுவது யாருக்கும் நீதி செய்யாது. 1963 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று, பல நாடுகளில் பிறந்தவர்கள் இந்த வீட்டின் முன் அமெரிக்கக் குடிமக்களாக உறுதிமொழி ஏற்கிறார்கள். சமத்துவ வாக்குறுதியையும் அது மீறப்பட்ட விதத்தையும் ஒரே இடத்தில் அறிந்துகொண்டு ஏற்கும் உறுதிமொழிக்குக் கூடுதல் பொருள் உண்டு.

இன்னும் மீதியிருப்பது

என் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு சுற்று, அடிமை வாழ்வுக்கு ஒரு சுற்று, ஹெமிங்ஸ் குடும்பத்துக்கு ஒரு சுற்று என்று கதைகளைப் பிரித்து வைத்தது தொடக்கத்தில் தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் நேரம் குறைவாக உள்ளவர் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். விரும்புகிறவர் மட்டும் மல்பெரி ரோவுக்கு நடப்பார். வீட்டுக்குள் நடக்கும் சுற்றிலும் அடிமைகள் பற்றிய பேச்சு இன்று கூடியிருக்கிறது. அது எந்த அளவு என்பது அன்றைய வழிகாட்டியின் மனப்பாங்கையும் கூட்டத்தின் அவசரத்தையும் பொறுத்ததாக இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று, ஜெஃபர்சனை ஒரு முரண்பாடான மனிதர் என்று சொல்லி நிறுத்திவிடும் பழக்கம். சமத்துவத்தை எழுதினார், அடிமைகளை வைத்திருந்தார், என்னே முரண் என்று பெருமூச்சு விட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அது ஒரு மனிதரின் உள்மனப் புதிராக இருந்ததைவிட ஒரு பொருளாதாரமாக இருந்தது. அந்த வீட்டின் வசதி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் உழைப்பு நேரம் ஈடாக இருந்தது. புதிராகச் சொன்னால் பார்வையாளர் வியந்துவிட்டுப் போவார். பொருளாதாரமாகச் சொன்னால் கேள்வி கேட்பார்.

ஆகவே எந்தத் தலைவரின் இல்லத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். இந்த வீட்டை யார் உழைப்பு நடத்தியது, அவர்கள் பெயர்கள் எங்கே சொல்லப்படுகின்றன? இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? தலைவர் போன பிறகு இங்கிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? மான்டிசெல்லோ இந்த மூன்றுக்கும் விடை வைத்திருக்கிறது. பெரும்பாலான இல்லங்களால் முடியாதது அது. விடைகள் இருக்கும் இடத்தைத்தான் அது மாற்ற வேண்டும்.

ஜெஃபர்சனின் மேசையில் பரிமாறிய, பிரெஞ்சு முறை கலந்த உணவை விருந்தினர்கள் புகழ்ந்து எழுதினார்கள். அதைச் சமைத்தவர் ஜோசப்பின் மனைவி எடித் ஃபாசெட். குடியரசுத் தலைவர் மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் பயின்றவர். 1809 முதல் ஜெஃபர்சன் இறக்கும்வரை மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர். அடுத்த ஜனவரியில் ஏலத்துக்குப் போனவர். அவருடைய பெயரைச் சமையலறைச் சுற்றுக்கு ஒதுக்கிவைத்தால் போதாது. மஞ்சள் சுவர் கொண்ட சாப்பாட்டறையில், சுழல்கதவைக் காட்டும் அதே வேளையில், தலைவரின் பெயருக்கு அடுத்ததாகவே அது சொல்லப்பட வேண்டும். அதைச் செய்யும் இல்லம் தலைவரைச் சிறுமைப்படுத்துவதில்லை. அவர் எழுதிய சமத்துவத்தை அவர் வீட்டிலேயே, அவரால் முடியாமல் போன அளவுக்கு, நடைமுறைப்படுத்துகிறது.